மேசைமேல் வாலாங்குளம்

காந்திபுரத்திலிருந்து உக்கடம் செல்லும் நகரப் பேருந்தில், கையில் அளவுநாடாவுடன் நான்கு சிறுவர்கள் சூழ நாம் பயணம் செய்த காரணத்தைக் கேட்டால் வாசகர்கள் நகைக்கக்கூடும். விடுமுறையில் ஒரு சிறு மாதிரி இரயில்பாதை அமைக்க அவர்கள் விரும்பினர். பாதையோரம் நீர்நிலை ஒன்றும் வேண்டுமாம்! பாம்பன் பாலத்தையே செய்துவிடலாம் என்றான் ஒருவன். 1914இல் திறக்கப்பட்ட அப்பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 23 மீட்டரைத் தாண்டும். நம்மிடம் இருந்ததோ ஆறடிப் பலகை. ஆகவே வாலாங்குளம்.

உக்கடம் பெரியகுளத்தின் உபரிநீரைப் பெறும் இக்குளத்தின் ஓரமாகவே கோவை–போத்தனூர்ப் பாதை செல்கிறது. போத்தனூர் வழியே இரயில் ஓடத் தொடங்கியது 1862இல். கோவை நகரமோ மேட்டுப்பாளையம் கிளைப்பாதை வந்த 1873 வரை காத்திருந்தது.

ஆறடிப் பலகையில் அடங்குவது ஏறத்தாழ 160 மீட்டர்க் கரை மட்டுமே. எனவே எஞ்சினுக்குப் பின் மூன்று பெட்டிகள் போதும் என முடிவு செய்தோம். நமது அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். சுருக்கினால் 19 வரவேண்டும். விற்பனைக்குக் கிடைக்கும் தண்டவாளமோ 1,435 மில்லிமீட்டர் கொண்ட மேல்நாட்டுப் பாதைக்குரியது. அதன் இடைவெளி 16.5 தான். அந்தச் சிறு பொய்யைப் பொறுத்துக்கொண்டோம்.

தண்ணீர்தான் பெரும்பாடு. உண்மையான நீர் ஆகாது. அதன் துளிகள் சுருங்குவதில்லை, பலகையும் ஊறிவிடும், மின்சாரமோ தண்டவாளத்திலேயே ஓடுகிறது. கரையோரம் வெளிறிய நிறமும் நடுவில் கருமையும் தீட்டி, மேலே வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பின்னரே பூசவேண்டும். சிறுவர்கள் முதலில் அடர்நீலம் தீட்டியிருந்தனர். குளக்கரையில் நின்று பார்த்தபின் ஒருவரும் நீலம் என்று வாய்திறக்கவில்லை. பச்சையும் பழுப்பும் கலந்தோம். ஆகாயத்தாமரைக்கு நறுக்கிய பஞ்சு.

நான்காமவன் மட்டும் பேசாதிருந்தான். பிறகு, “ஃபாதர், எங்க ஆத்தா வீடு இந்தக் கரையிலதான் இருந்துச்சு. அதையும் வைக்கலாமுங்களா?” என்றான். கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் வாரியக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். இன்று அவ்விடத்தில் நடைபாதை. இப்போதுள்ள குளத்தைத்தானே செய்கிறோம் என்று மற்றவர்கள் வாதிட்டனர். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆயினும் எந்த ஆண்டின் குளம் என்பதை நாம் இன்னும் எழுதிவைக்கவில்லையே! நடைபாதையை நீக்கச் சொன்னோம். சிறிது முணுமுணுப்பு எழுந்தது, நீக்கினார்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு தீப்பெட்டிகள் வீட்டின் அளவுக்குச் சரியாக இருந்தன. அதைப் பார்க்க ஆத்தாவே பங்கு இல்லத்துக்கு வந்தார். நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “வாசல் தண்டவாளத்தப் பாத்து இருக்கோணுஞ் சாமி” என்றார். பசை காயுமுன் திருப்பி வைத்தோம்.