காப்பீட்டு அட்டையில் யார் குடும்பம்?

எங்கள் வீட்டு ஆட்களிடம் மூன்று விதமான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பிக்கு இ.எஸ்.ஐ. எனக்கு இந்த இரண்டும் கிடையாது. தொண்டு நிறுவனச் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான மாதம் 21,000 ரூபாயையும் தாண்டிவிட்டது, முதல்வர் திட்டத்தின் ஆண்டு வரம்பான 1,20,000 ரூபாயையும் தாண்டிவிட்டது. ஆகவே நான், கணவர், மகன் மூவருக்கும் தனியாரிடம் ஒரு குடும்பப் பாலிசி.

கல்லூரித் தோழர்கள் "எது நல்லது அக்கா?" என்று கேட்கும்போது தொகையை வைத்துத்தான் கேட்கிறார்கள். ஐந்து லட்சமா, பத்து லட்சமா? நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. அந்தத் திட்டம் யாரைக் குடும்பம் என்கிறது? எந்த நாளில் காசு தருகிறது?

முதல்வர் திட்டம் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012இல் பெயர் மாறியது, 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருக்கவும் வேண்டாம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள அறுபது வயதுக்காரியைத் தனியார் கம்பெனிகள் பொதுவாக இப்படி முதல் நாளே எடுத்துக்கொள்வதில்லை. அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்தது இந்த அட்டையில்தான். அந்தத் தனியார் மருத்துவமனையில் அட்டையை வாங்கிப் பார்த்தவர் முகவரியைப் படித்துவிட்டு "காலனியா?" என்றார். அப்புறம் 15,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார். ரசீது கேட்டேன், தர மறுத்தார். அங்கேயே நின்றபடி திட்டத்தின் இலவச எண்ணான 1800 425 3993-க்குப் போன் போட்டேன். பேச்சு முடிவதற்குள் முன்பணம் வேண்டாமென்று ஆகிவிட்டது. இந்த எண்ணை எல்லோரும் போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தத் திட்டம் பெரிய நோய்க்கு, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, சேர்த்துக்கொள்ளப்பட்ட மருத்துவமனையில்தான் காசு தரும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்தால் தராது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குத் தராது. (அம்மாவுக்கு மாத்திரை வீடு தேடி வருவது 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், அது காப்பீடே அல்ல.) துணைக்கு நின்றவர் இழந்த கூலிக்கும் தராது. எங்கள் தெருவில் வட்டிக்கடன் தொடங்குவது பெரும்பாலும் ஆபரேஷனில் இல்லை, அதற்கு முன்னால் அலையும் இரண்டு மூன்று மாதங்களில்தான்.

ஆயுஷ்மான் பாரத் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது 2011இன் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பை வைத்து. கிராமத்தில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம் என்பதே ஒரு தகுதி. நகரத்தில் தொழிலைப் பார்க்கிறார்கள்: குப்பை பொறுக்குபவர், துப்புரவுத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் என்று. கிராமத்தில் சாதியைக் கேட்கிறது அரசு, நகரத்தில் தொழிலைக் கேட்கிறது. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். சமூகவியல் படிக்கும் தோழர்கள் யாராவது இதை எடுத்து எழுத வேண்டும்.

தனியார் பாலிசிக்கு நான் ஆண்டுக்கு 16,000 ரூபாய்க்கு மேல் கட்டுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். 5 லட்சம் என்பது ஆளுக்கு அல்ல, மூவருக்கும் சேர்த்து. ஒருவர் நான்கு லட்சம் செலவழித்தால் அந்த ஆண்டில் மற்ற இருவருக்கும் மிஞ்சுவது ஒன்று. பிரீமியத்தைத் தீர்மானிப்பது வீட்டிலேயே மூத்தவரின் வயது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்க வைக்கலாம். ஏஜென்ட் சொல்லாமல் விடும் ஒன்று அறை வாடகை வரம்பு. தொகையில் 1 சதவீதம் என்றால் எனக்கு நாளுக்கு 5,000 ரூபாய். நான் 8,000 ரூபாய் அறையில் படுத்தால் வெட்டு அறை வாடகையோடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் அரங்கக் கட்டணம் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் வரும். மருந்துக்கும் உள்ளே பொருத்தும் கருவிக்கும் இந்த வெட்டு கிடையாது. பாலிசி எடுப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது தேடிப் படியுங்கள்.

இனி குடும்பத்துக்கு வருகிறேன். அக்கா இறந்த பிறகு அவள் மகள் அம்மாவிடம்தான் வளர்கிறாள். அவளுக்குச் சோறு போடுவது அம்மா, பள்ளிக்குக் கட்டுவது நானும் தம்பியும். என் பாலிசியில் அக்கா மகளுக்கு இடமில்லை. மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் என்று போகும் இ.எஸ்.ஐ. வரையறையிலும் அவள் வரமாட்டாள். முதல்வர் திட்டத்துக்கு ரேஷன் அட்டையில் பெயர் வேண்டும். அவள் பெயர், வேறு கல்யாணம் செய்துகொண்டு போன அவள் அப்பாவின் அட்டையில் இருக்கிறது. கூலிக்குப் போகும் வீடுகளில் பாட்டியும் அத்தையும் பிள்ளை வளர்ப்பது அதிசயமா? காகிதத்தில்தான் அது குடும்பம் இல்லை.

இதைவிடக் கொடுமை சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு. எங்கள் காலனிப் பையனும் ஊர்ப்பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்குப் புது ரேஷன் அட்டை வேண்டுமானால் அவள் பெயரை அவள் அப்பா அட்டையிலிருந்து நீக்க வேண்டும். "அவ செத்துட்டா"ன்னு ஊரில் சொல்லித் திரியும் அப்பா, அட்டையில் மட்டும் மகளை உயிரோடு வைத்திருந்தார். அட்டை இல்லை, ஆகவே காப்பீடு இல்லை. குழந்தை எடை குறைவாகப் பிறந்தபோது பார்த்துக்கொண்டது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அட்டை எங்கே என்று கேட்டு யாரும் திருப்பி அனுப்பவில்லை. காப்பீடு இருக்கிறதே, அரசு மருத்துவமனை எதற்கு என்று பேசுபவர்களிடம் நான் இந்தக் குழந்தையைப் பற்றித்தான் சொல்வேன். திருமணப் பதிவுச் சான்றை வைத்து வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுமேல் மனு போட்டு அட்டை வாங்குவதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றில் எது என்று என்னை வற்புறுத்திக் கேட்டால் இ.எஸ்.ஐ. என்பேன். மருந்தகம் தொலைவு, வரிசை நீளம், சில மாத்திரை இருக்காது, எல்லாம் உண்மை. ஆனாலும் காய்ச்சல் முதல் ஆபரேஷன் வரை பார்ப்பது அது ஒன்றுதான். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. தம்பி மஞ்சள் காமாலையில் ஒரு மாதத்துக்கும் மேல் படுத்திருந்தபோது கூலியில் 70 சதவீதம் வந்தது. ஆண்டுக்கு 91 நாள் வரை அது கிடைக்கும். மற்ற இரண்டும் மருத்துவமனைக்குக் காசு தருகின்றன, இது நோயாளி வீட்டு அடுப்புக்கும் தருகிறது. 16,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி 120 ரூபாய், முதலாளி 520 ரூபாய் கட்டுகிறார்கள். யாருடைய கருணையும் இல்லை. உழைத்ததற்கான உரிமை, 1948இல் சட்டமாக வந்தது.

அதனால்தான் நம் ஆட்களை இதிலிருந்து வெளியே வைக்க இவ்வளவு வேலை நடக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் காட்டுவது. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது. ஒப்பந்ததாரரைக் கேட்டால் நிர்வாகத்தைக் கேள் என்பது, நிர்வாகத்தைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கேள் என்பது. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதலில் பணம் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி. பிறகு அவர் ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ளலாம். நகராட்சி குப்பை அள்ளும் வேலையைக் கம்பெனிக்கு விட்டுவிட்டுக் கை கழுவ முடியாது.

நாங்கள் வேலை செய்யும் ஒரு நகராட்சியில் தூய்மைப் பணியாளர்களின் சம்பளச் சீட்டை இப்போது ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்கிறோம். பிடித்தம் எழுதியிருக்கிறதா, பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, அந்த எண்ணில் பணம் ஏறியிருக்கிறதா என்று. சிலருக்குச் சீட்டே தருவதில்லை. இருபது வருடமாகக் குப்பை அள்ளும் ஒரு அக்கா, பிடித்தம் எழுதிய மூன்று சீட்டுகளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். எண் போட வேண்டிய இடம் மூன்றிலும் காலி. மூன்றையும் நகல் எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு அவரும் வருகிறார். மற்றவர்களின் சீட்டுகளைச் சேகரிக்க இன்னும் ஆள் வேண்டும். மாலை நேரம் இருக்கும் மாணவத் தோழர்கள் வரலாம்.