கடிதம் வராத பிள்ளைகள்

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளை வரை, முன்பே போட்டிருந்தாலும், ஒரு தவணை போடச் சொன்னார்கள். மாநிலத்தில் சுமார் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள். அப்போது நான் ஒரு சிறுநகரத்து நர்சரி பிரைமரி பள்ளியின் தலைமையாசிரியை. என் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அந்த ஊசி போடப்படவில்லை. வாட்ஸ்அப் வதந்தியால் வந்த வினை என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். வதந்தி இருந்தது உண்மை. அதைத் தடுக்கக்கூடிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததும் உண்மை.

குழந்தை பிறக்காமல் செய்யும் ஊசி, வெளிநாட்டுச் சதி என்றெல்லாம் குரல்பதிவுகள் சுற்றின. அவை பொய் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். என் மகளுக்குச் சிறுவயதிலேயே தனியார் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்து எம்.எம்.ஆர். ஊசி போட்டிருந்தேன். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் அதில் இருக்கும் மருந்துதான் இதிலும். அவள் படித்த பள்ளியில் முகாம் நடந்த அன்று, மறக்காமல் போட்டுக்கொண்டு வா என்று சொல்லித்தான் அனுப்பினேன். அதே வாரம் என் அறைக்கு வந்து, "மேடம், போடலாமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க" என்று கேட்ட தாய்மார்களிடம், "உங்க இஷ்டம்மா" என்றேன். என் பிள்ளைக்குப் போட்டாயிற்று என்ற ஒரு வரி போதும். அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கும் நேரம் அது. ஊசி போட்டு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் பள்ளியின் பெயர் என்ன ஆகும் என்று தாளாளர் கேட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆகவே பழியை அவர் தலையில் போட முடியாது. சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு வரி கொண்ட கடிதத்தை நானே எழுதி, நகலெடுத்து, பிள்ளைகளின் டைரியில் ஒட்டி அனுப்பினேன். கையெழுத்தோடு திரும்பாத கடிதத்தைச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்ளும்படி வகுப்பாசிரியைகளிடம் சொன்னதும் நான்தான். சுற்றுலாவுக்கு அப்படித்தான் செய்வோம், அந்தப் பழக்கம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மறுத்துக் கையெழுத்திட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கடிதமே வராத பிள்ளைகள்தான் ஏராளம். விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் பெற்றோர். டைரியைப் பார்க்க நேரமில்லை, பார்த்தாலும் படிக்கத் தெரியாதவர்கள் சிலர். அவர்கள் எதையும் மறுக்கவில்லை. அவர்கள் சார்பில் நான் மறுத்தேன்.

முகாம் நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் ஐஸ் பெட்டியோடு வந்தார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மீந்தால் கொட்டத்தான் வேண்டும். வரிசையைப் பார்த்துவிட்டு, "மேடம், நாங்க சொன்னா பயப்படுறாங்க. நீங்க ஒரு போன் போட்டா ஓடி வருவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. காலுறை நிறம் மாறியதற்கும் கட்டணம் பாக்கிக்கும் நான் போன் போடச் சொன்னால் பெற்றோர் ஓடிவருவார்கள். பெற்றோர் விருப்பத்தில் தலையிட முடியாது என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். முகாமை மார்ச்சுக்கும் நீட்டினார்கள். அந்த இரண்டாவது வாய்ப்பிலும் நான் போனை எடுக்கவில்லை.

தட்டம்மையை எங்கள் பக்கம் மணல்வாரி என்பார்கள். வேப்பிலை கட்டினால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை. நோயுள்ள பிள்ளை வெளியேறிய பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். பாதுகாப்பு இல்லாதவர்கள் அருகிலிருந்தால் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒட்டும். அதனால்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ரூபெல்லா வேறு மாதிரி. பிள்ளைக்கு லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் கெடக்கூடும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டு சொன்னார். அப்படிக் கண்புரையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிப்ரவரியில் என் யு.கே.ஜி. ஆசிரியை கருவுற்றிருந்தார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் நான் ஊசி கிடைக்காமல் செய்தேன். குழந்தை நலமாகப் பிறந்தது. அதற்கு நான் எந்த விதத்திலும் காரணமல்ல.

சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையின் நகல் கேட்போம். ஆனால் வாங்கிப் பின்னடித்து வைத்ததோடு சரி. ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியின் கட்டம் காலியாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. பெரியம்மை காலத்தில் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமே அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. இன்று பள்ளியில் சேர ஊசி கட்டாயம் என்று நாடு தழுவிய சட்டம் இல்லை. ஊசி போடாத பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். ஏழை வீட்டுப் பிள்ளை ஊசியோடு படிப்பையும் இழக்கும். அட்டையைப் படித்து, விடுபட்ட ஊசியைக் குறித்து, சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்து, போடும்வரை விடாமல் கேட்பதைப் பள்ளிக்குக் கட்டாயமாக்க வேண்டும். கட்டாயம் இருந்திருந்தால் என்னைப் போன்ற கோழை தப்பித்திருக்க முடியாது.

அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகள் இப்போது கல்லூரிப் பருவத்தில் இருக்கிறார்கள். பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து பெற்றோர் எண்களை எழுதிக்கொண்டு இப்போதுதான் ஒவ்வொருவராக அழைக்கிறேன். சில எண்கள் மாறிவிட்டன. பேசக் கிடைக்கும் அம்மாக்களிடம் முதலில் என் மகளுக்குப் போட்டதைச் சொல்கிறேன். பிறகு, ரூபெல்லா ஊசி போட்டதற்கான அட்டை வீட்டில் இல்லையென்றால் கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடச் சொல்கிறேன். கருவுற்றிருக்கும்போது போடக் கூடாது, போட்ட பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்" என்று ஒரு தாய் கேட்டார். சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.