503 யார்?

லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஒரு ஃபைலுக்குத் தன் சொந்தக்காரரின் பெயர் தெரியாது. சர்வர் வேலை பார்ப்பவர்களுக்கு இது பால பாடம்தான். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் என் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. டிஸ்கில் பதிவாவது ஓர் எண் மட்டுமே. அந்த எண் இன்னார் என்று சொல்லும் பட்டியல், ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு தனியாக இருக்கிறது. சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போட்டால் பட்டியலும் போய்விடும்.

சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸின் 6-ஆம் பதிப்பிலிருந்து 7-க்கு மாறியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஆறில் பயனர் எண்கள் 500-இல் தொடங்கின. 2014-இல் வந்த ஏழில் 1000-இல். நான் பார்த்துக்கொண்ட ஒரு பதிப்பகத்தின் ஃபைல் சர்வரையும் அப்படி மாற்றினோம். பேக்கப்பிலிருந்து டேட்டா முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் ஃபோல்டரைப் பட்டியலிட்டால் பெயர் வரவேண்டிய இடத்தில் 501, 502, 503 என்று நின்றது. பழைய பயனர் பட்டியலை முன்பே நகலெடுத்து வைத்திருந்ததால், அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணையும் அவரவர் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தோம்.

503-க்கு ஆள் இல்லை. ஓய்வுபெற்றுப் போன புரூஃப் ரீடர் ஒருவரின் எண் அது. “அவர்தான் இப்போ இல்லையே சார், எல்லாத்தையும் அட்மின் பேர்ல போட்டுடுங்க” என்றார் மேலாளர். எனக்கு மனம் வரவில்லை. அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒரே புத்தகத்தின் பொருளடைவு, ஒவ்வொரு சுற்றுத் திருத்தத்துக்கும் தனி ஃபைலாக இருந்தது. எது கடைசித் திருத்தம் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. தேதியும் நேரமும்தான் சொல்லின. பல ஃபைல்களில் அலுவலகம் முடிந்து வெகுநேரம் கழிந்த நேரங்கள். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலில் தேதியைக் காக்கும்படி சொல்லி நகலெடுத்ததால் அவை பிழைத்தன. வெறுமனே காப்பி செய்திருந்தால் அத்தனை வருட உழைப்பும் சர்வர் மாற்றிய அந்த ஒரே நாளில் நடந்ததாக ஆகியிருக்கும். லாகின் செய்ய முடியாதபடி பூட்டி, அவர் பெயரில் ஒரு கணக்கு உருவாக்கினோம். அவர் ஃபைல்கள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன.

டேப்பில் ஆவணம் சேர்க்க உருவான டார், 1979-இன் ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் வந்தபோது அதுவும் எண்ணை மட்டுமே எழுதியது. 1988-இன் பாசிக்ஸ் தரத்தில், ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் டார் எழுதும் தலைப்புப் பகுதியில் பயனரின் பெயருக்கு 32 பைட் ஒதுக்கினார்கள். இடத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம். அதில் ஒவ்வொரு ஃபைலோடும் பெயரும் போகட்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு நான் மானசீகமாகக் கைகூப்புகிறேன். வேறொரு கணினியில் நிர்வாகியாக, அதாவது ரூட்டாக, விரிக்கும்போது குனு டார் முதலில் பெயரைத் தேடும். அந்தப் பெயர் அங்கே இருந்தால், எண் வேறானாலும் உரியவரிடமே சேர்க்கும். தமிழில் பெயர் எழுதினால் அந்த 32 பைட்டில் எவ்வளவு கொள்ளும் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ராமலிங்கம் 30 பைட்டில் அடங்கிவிடுவார். திருநாவுக்கரசுக்கு 42 வேண்டும்.

விண்டோஸ்காரர்களும் பயன்படுத்தும் சாம்பா சர்வர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்ற நுணுக்கமான அனுமதிகளை ஆர்சிங்க்கின் வழக்கமான சிறிய ‘ஏ’ ஆப்ஷன் எடுத்து வராது. பெரிய ‘ஏ’, பெரிய ‘எக்ஸ்’ இரண்டையும் சேர்க்க வேண்டும்.

சர்வரை மாற்றப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டேட்டாவோடு பயனர் பட்டியலையும் குழுப் பட்டியலையும் நகலெடுங்கள். ஒரே ஒரு ஃபோல்டரையாவது வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, பெயர், தேதி, அனுமதி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவரை பழைய டிஸ்கில் கை வைக்காதீர்கள்.