இரவல் கோட்டு

என் அப்பாவுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வாக்காளர் அட்டைக்கும் ரேஷன் அட்டைக்கும் எடுக்கப்பட்டவை இருக்கின்றன. உறவினர் திருமணங்களின் குழுப் படங்களில் இரண்டாம் வரிசையில் பாதி முகமாக அவர் நிற்பதுண்டு. ஆனால் தன் விருப்பத்தின் பேரில், தன் காசைக் கொடுத்து அவர் எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான். 1974இல், திருமணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, எங்கள் ஊர் ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னாலிருக்கும் திரைச்சீலையில் ஒரு மாடிப்படி வளைந்து ஏறி எங்கும் சேராமல் நின்றுவிடுகிறது. அப்பா கறுப்புக் கோட்டு அணிந்து நிற்கிறார். கோட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தமானது. வருவோர் எல்லோருக்கும் அது ஒன்றுதான். அளவு பெரிதாக இருந்ததால் முதுகுப்பக்கம் துணியைப் பிடித்து ஊசி குத்தியிருந்தார்கள்.

அப்பா தையற்காரர். மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு தைத்துக் கொடுத்தவர். தனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டதில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம், இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இந்தப் படம் குறுக்கே வந்து நின்றதுதான். இம்முறை அதை நகர்த்தி வைக்க வேண்டாமென்று தோன்றியது.

2001இல் சென்னையில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். திருவல்லிக்கேணி நடைபாதையில் அட்டை கிழிந்த ஒரு புகைப்படப் புத்தகத்தை அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். அதை விடுதிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது என்றால் இன்றைய மாணவர்கள் சிரிப்பார்கள். எங்கள் நண்பர் வட்டத்தில் எல்லோரும் தீவிர இலக்கிய வாசகர்கள். ஃபேஷன் புகைப்படம் என்பது நுகர்வுப் பண்பாட்டின் கூலிவேலை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இரவில் மட்டும் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பேன்.

அதில் ஒரு படம், 1950இல் பாரிஸில் பென் எடுத்தது. பாலென்சியாகா வடிவமைத்த ஓர் உடையின் கை. பெண்ணின் முகமும் இருக்கிறது, ஆனால் படம் அந்தக் கையைப் பற்றியது. தோளிலிருந்து மேகம்போலப் புடைத்து எழுந்து நிற்கும் கை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது புத்தகத்தை எடுத்துச் சென்றேன். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

“ஏய்யா, துணி நிக்குது பாத்தியா? சும்மா நிக்காது. உள்ள என்னமோ குடுத்திருக்கான்” என்றார். பிறகு கையும் தோளும் இணையும் இடத்தில் விரல் வைத்து, “இங்க சுருக்கம் விழணுமே, விழலையே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். படமெடுத்தவன் யார் என்று கேட்டார். சொன்னேன். “அவனுக்குத் தையல் தெரியும்” என்றார்.

பென்னுக்குத் தையல் தெரியுமா என்பதல்ல விஷயம். ஒரு தையற்காரர் குறைகண்டுபிடிக்கும் கண்ணோடு பார்க்கும் அளவுக்கு அந்தப் படம் துணிக்கு உண்மையாக இருந்தது. பண்பாட்டு விமர்சனம் பேசிய நாங்கள் ஒருவரும் அந்தக் கையைப் பார்த்திருக்கவில்லை என்பது எனக்கு அன்று உறைத்தது.

பென் 1917இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். ஓவியராக விரும்பி, அது கைகூடாமல் வோக் இதழில் உதவியாளராகச் சேர்ந்தார். 1943 அக்டோபர் இதழில் வந்த அவரது முதல் அட்டைப்படத்தில் மனிதர்களே இல்லை. ஒரு தோல்பை, கையுறைகள், கழுத்துத் துணி, எலுமிச்சைகள், ஆரஞ்சுகள், ஒரு பெரிய புஷ்பராகக் கல். அவ்வளவுதான். ஃபேஷன் இதழின் அட்டையில் அழகியின் முகத்துக்குப் பதிலாகப் பழங்கள்! அவருடைய சமகாலத்தவரான ரிச்சர்ட் அவெடான் நேரெதிர்த் திசையில் போனார். அழகிகளைத் தெருவுக்கும் உணவு விடுதிக்கும் அழைத்துச் சென்றார். 1955இல் பாரிஸின் சர்க்கஸ் கொட்டகையில் யானைகளுக்கு நடுவே டியோர் உடையில் ஒருத்தியை நிறுத்தினார். அது புகழ்பெற்ற படம், பார்க்கப் பார்க்க வியப்புத்தான். ஆனால் ஒருமுறை வியந்தபின் அதில் எனக்குச் செய்ய வேலை எதுவும் இருப்பதில்லை. பென் உலகத்தைக் கூட்டிவரவில்லை, அப்புறப்படுத்தினார். ஒரு சாம்பல்நிறத் திரை, பக்கவாட்டில் விழும் வெளிச்சம், நடுவில் ஓர் உடல், அதன் மேல் துணி.

1948இல் அவர் ஒரு விசித்திரமான அறையைச் செய்தார். நாடகமேடைத் தட்டிகள் இரண்டை ஒன்றோடொன்று நெருக்கி ஒரு குறுகிய மூலையை உண்டாக்கினார். தரையில் பழைய கம்பளத் துண்டு. பெரிய மனிதர்களை வரவழைத்து அந்த மூலைக்குள் நிற்கச் சொன்னார். ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் அதில் சின்னஞ்சிறு உருவமாகத் தெரிகிறார். எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி பெரிய மேலங்கிக்குள் புதைந்து நாற்காலிமேல் மண்டியிட்டிருக்கிறார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் மூலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது, ஆனால் தப்பிக்க வழியில்லை. அந்த இடத்தில் ஒருவர் தன் கைகால்களை என்ன செய்கிறார் என்பதே அவருடைய உருவப்படமாகிவிடுகிறது.

வீட்டின் உள்ளலங்காரத்தைப் படமெடுப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். அவர்களிடம் அறை இருக்கிறது, பொருள்கள் இருக்கின்றன, ஆள் இருக்கக் கூடாது. இருந்தாலும் பொருளோடு பொருளாக இருக்க வேண்டும். இந்தத் துறையில் ஆகப் புகழ்பெற்ற படம் ஜூலியஸ் ஷுல்மன் 1960 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுத்தது. பியர் கோனிக் கட்டிய ஸ்டால் வீடு. மலைவிளிம்பில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி அறை, உள்ளே வெள்ளுடையில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு இளம்பெண்கள், கீழே நகரத்தின் விளக்குகள் கோடுகோடாக அடிவானம்வரை. நகரத்தின் ஒளிக்காக ஏறத்தாழ ஏழு நிமிடம் ஒளிபடவைத்து, கடைசியில் பெண்களுக்காக ஒரு கணம் ஃப்ளாஷ் விளக்கை எரித்தார். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த தகவல் வேறு. வீட்டின் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. நாற்காலிகளும் மேசைகளும் படத்துக்காகக் கொண்டுவரப்பட்டவை. அந்தப் பெண்கள் அங்கு குடியிருப்பவர்கள் அல்லர்.

ஆக, அமெரிக்கக் கனவின் அந்த அறையும் எங்கள் ஊர் ஸ்டூடியோவின் மாடிப்படித் திரைச்சீலையும் ஒரே தொழில்நுட்பம்தான். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஷுல்மனின் படத்தைப் பார்த்து ஏங்கியவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்வது எளிது. எனினும் ஏக்கம் பொய்யல்லவே.

பாரிஸின் யூஜின் அட்ஜே இன்னும் சுவாரசியமானவர். 1910இல் அவர் தொகுத்த பாரிஸ் வீட்டு உட்புறங்களின் ஆல்பத்தில் ஆட்களே இல்லை. தொழிலாளி வீடு, நடிகர் வீடு, வசதியானவர் வீடு என்று தலைப்புகள் மட்டும். அவற்றுள் சில அட்ஜேயின் சொந்த வீட்டில் எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் பின்னர் கண்டுபிடித்தார்கள். ஒருகாலத்தில் நாடக நடிகராக இருந்த மனிதர், தன் வீட்டுக்கே வேறொரு வேடம் போட்டுப் பார்த்திருக்கிறார்!

மீண்டும் பென்னிடம் வருகிறேன். 1948 இறுதியில் வோக் இதழுக்காகப் பெரு நாட்டில் ஃபேஷன் படங்கள் எடுக்கப் போனவர், வேலை முடிந்ததும் தனியே கூஸ்கோ நகருக்குச் சென்றார். கிறிஸ்துமஸ் சமயம். அங்கே ஓர் உள்ளூர் ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து, அதன் உரிமையாளரை விடுமுறைக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் படமெடுத்தார். கல் பாவிய தரை, சாயம்பூசிய திரை, ஒரு சிறு முக்காலி. பண்டிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள் காசு கொடுக்கத் தயாராக வர, படமெடுப்பவர் தங்களுக்குக் காசு கொடுத்ததைக் கண்டு திகைத்தார்கள். அங்கே எடுத்த ஒரு படத்தில் வெறுங்காலோடு இரண்டு குழந்தைகள் முக்காலியின் இருபுறமும் கை கோத்து நிற்கிறார்கள். உடை நைந்திருக்கிறது. நிற்பதென்னவோ அரசகுடும்பத்தார்போல.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1950–51இல் ‘சிறு தொழில்கள்’ வரிசை வந்திருக்க முடியும் என்று நினைக்கிறேன். பாரிஸில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில், இயற்கை வெளிச்சத்தில், பழைய நாடகத் திரை ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டுப் புதிய ஆடை வடிவமைப்புகளைப் படமெடுத்தார். அதே நாள்களில், அதே திரைக்கு முன்னால், இறைச்சிக்கடைக்காரரையும் அடுமனைக்காரர்களையும் சாணைபிடிப்பவரையும் வேலை உடையோடும் கருவியோடும் நிறுத்தினார். பிறகு லண்டன், நியூயார்க். பாலென்சியாகாவின் கைக்கு விழுந்த அதே வெளிச்சம் இறைச்சிக்கடைக்காரரின் மேலங்கிக்கும் விழுகிறது. கூடுதலுமில்லை, குறைவுமில்லை. படங்களுக்குத் தலைப்பு தொழிலின் பெயர்தான், ஆளின் பெயர் கிடையாது. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டக் கூடாது என்ற தொல்காப்பிய விதியை வகுப்பில் நடத்தும்போது எனக்கு இந்தப் படங்கள் நினைவுக்கு வரும். மாணவர்களிடம் சொன்னதில்லை.

மூன்று நகரத்தாரும் எப்படி வந்தார்கள் என்று பென் பதிவு செய்திருக்கிறார். பாரிஸ்காரர்கள் இதில் ஏதோ சூது இருக்கிறதென்று ஐயுற்றார்கள், ஆனால் கூலிக்காக வந்தார்கள். லண்டன்காரர்களுக்கு வேலை உடையில் படம் எடுத்துக்கொள்வது இயல்பான காரியமாகப் பட்டது. நியூயார்க்காரர்களில் சிலர் மட்டும், எவ்வளவு சொல்லியும் கேளாமல், முகம் மழித்து, வேலை உடையைக் களைந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் வந்து நின்றார்கள்.

அதை முதன்முதலில் படித்தபோது சிரித்தேன். எனக்கு அது 2009வரை வேடிக்கையான குறிப்பாகவே இருந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் ஷுல்மன் இறந்தார், அக்டோபர் 7 அன்று பென் இறந்தார். அப்போது லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் ‘சிறு தொழில்கள்’ கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. செய்தி படித்த வாரமே புதிதாக வாங்கியிருந்த டிஜிட்டல் கேமராவோடு ஊருக்குப் போனேன். என் திட்டம் எளிமையானது. அப்பாவின் கடையில், கதவு வழியாக விழும் காலை வெளிச்சத்தில், கழுத்தில் இஞ்ச் டேப்போடும் உதட்டில் கவ்விய குண்டூசியோடும் அவரை எடுக்க வேண்டும். பனியனில் நூல்துணுக்குகள் ஒட்டியிருக்கும், அவை தெரிய வேண்டும்.

கேமராவைப் பார்த்ததும் அப்பா மிஷினை நிறுத்தினார். “இருய்யா” என்று உள்ளே போனார். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து நின்றார். வேலை செய்வதுபோல் எடுக்கலாம் என்றேன். “அது எதுக்கு? தினம் பாக்கிறதுதானே” என்றார். இரண்டு முறை வற்புறுத்தினேன். மூன்றாம் முறை அவர் முகம் மாறியது. கோபமில்லை. தன் மகன் தன்னை எதற்காகவோ பயன்படுத்துகிறான் என்பது புரிந்த முகம். படம் எடுக்காமல் கேமராவை உறையில் போட்டேன்.

அதன்பிறகு பென்னின் வரிசையை நான் பழையபடி பார்க்க முடியவில்லை. படங்களின் மேன்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நியூயார்க்காரர்கள் பக்கம் மனம் சாய்ந்துவிட்டது. மேலங்கிதான் உண்மை, கோட்டு பொய் என்று தீர்மானிக்கும் உரிமை கேமரா வைத்திருப்பவனுக்கு எங்கிருந்து வந்தது? வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிய மனிதர், ஒரு பத்து நிமிடம் தான் அளவெடுக்கப்படாமல் நிற்க விரும்பியிருக்கலாம். கூஸ்கோவின் அந்தக் குழந்தைகளிடம் பென் எதையும் கழற்றவும் சொல்லவில்லை, போடவும் சொல்லவில்லை. அவர்கள் படம் எடுத்துக்கொள்ள வந்த கோலத்திலேயே எடுத்தார். அவருடைய படங்களில் எனக்கு இப்போது எது மிகப் பிடிக்கும் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்பா 2016இல் காலமானார். சுவரில் மாட்டப் படம் தேடியபோது தங்கை 1974ஆம் ஆண்டுப் படத்தை எடுத்து வந்தாள். வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கலாம், அதுதான் அப்பாவைப் போலவே இருக்கிறது என்றார் சித்தப்பா. நான் கோட்டுப் படத்தின் பக்கம் பேசினேன். ஃப்ரேம் போடும் கடைக்காரர், திரைச்சீலையில் கறையும் மடிப்பும் தெரிகிறது, கணினியில் சரிசெய்து பின்னால் நீலவானம் வைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், மாடிப்படி இருக்கட்டும் என்றேன்.

படம் இப்போது தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அண்மையில் அதை அருகில் நின்று பார்த்தபோதுதான் கவனித்தேன். கோட்டின் இடது கை முனையை அப்பா விரல்களால் உள்ளே மடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீளம் அரை இஞ்ச் அதிகம்.