வருஷக் கட்டம்

2018 ஜூலையில் கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா தன் தம்பியோடு என்னைப் பார்க்க வந்தார். கணவர் அந்த ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 57. கடைத்தெருவில் ஐந்து கடைகளை வாடகைக்கு விட்டிருந்தவர். இறந்தவரின் வருமானத்துக்கு வாரிசுதான் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்; அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு அது.

கணக்குப் பார்த்ததில் வரி ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்தது. அவர் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அட்வான்ஸ் டாக்ஸ் இரண்டு தவணைதான் தெரிந்தது. செப்டம்பரில் 60,000, டிசம்பரில் 60,000. ஜூன் தவணையைக் காணோம். அப்படியானால் 30,000 பாக்கி. அதன்மேல் 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டி வேறு.

“முப்பதாயிரம்தானேக்கா, கட்டிட்டு வேலையை முடிச்சிடலாம்” என்றார் தம்பி.

“ஜூன்லயும் கட்டினாங்க சார். அன்னிக்கு பேங்க்குக்குப் போயிட்டு மூணு மணிக்கு வந்துதான் சாப்பிட்டாங்க” என்றார் அந்த அம்மா.

அலைச்சல் மிச்சம் என்று மறுபடி கட்டிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கட்டிய பணம் அரசாங்கக் கணக்கில் எங்கோ கிடக்கும்போது, சீட்டு கிடைக்கவில்லை என்பதற்காக இன்னொரு முறை ஏன் கட்ட வேண்டும்? பாஸ்புக்கையும், வீட்டில் அவர் காகிதம் வைக்கும் இடங்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன்.

பாஸ்புக்கில் 14.06.2017 அன்று செக் மூலம் 30,000 பற்று. பணம் போயிருக்கிறது, எங்கே போனது என்பதுதான் கேள்வி. 26ஏஎஸ் ஆண்டுவாரியாகத்தான் காட்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது மதிப்பீட்டு ஆண்டு 2018-19. முந்தைய ஆண்டான 2017-18-ஐத் திறந்தோம். அதே தேதி, அதே தொகை, யாரும் உரிமை கோராமல் அங்கே இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சலானின் கிழித்த பகுதியும் கிடைத்தது. ஹேவிளம்பி வருடப் பஞ்சாங்கத்தில், ஆனி மாதப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார். ஊதா மையில் வங்கி முத்திரை. அதில் ஏழு இலக்கக் கிளை எண், தேதி, சலான் எண். பின்பக்கம் பென்சிலில் ‘முதல் தவணை’. மதிப்பீட்டு ஆண்டுக் கட்டத்தில், நிறுத்தி நிதானமாக எழுதிய 2017-18. நடப்பு நிதியாண்டை எழுதிவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டை அல்லவா எழுதியிருக்க வேண்டும்! படித்தவர்களே சறுக்கும் இடம் இது.

அப்போது ஆண்டு தவறினால், கட்டிய ஏழு நாளுக்குள் வங்கியிலேயே திருத்த முடிந்தது. அதன் பிறகு வருமான வரி அதிகாரிதான் திருத்த வேண்டியிருந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சலான் நகல் எல்லாம் வைத்து மனுக் கொடுத்தோம். “2017-18 என்று அவரே எழுதியிருக்கிறாரே?” என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதே சலானில் டிக் அடித்திருந்த இன்னொரு கட்டத்தைக் காட்டினேன். 100, அதாவது அட்வான்ஸ் டாக்ஸ். 2017-18 மதிப்பீட்டு ஆண்டுக்கான நிதியாண்டு 2017 மார்ச் 31-லேயே முடிந்துவிட்டது. முடிந்துபோன ஆண்டுக்கு ஜூன் மாதம் யாரும் அட்வான்ஸ் கட்ட முடியாது. பழைய பாக்கி என்றால் 300-ஐ அல்லவா குறித்திருப்பார்? முந்தைய ஆண்டு ரிட்டர்னிலும் இந்த 30,000-ஐ அவர் கணக்கில் காட்டவில்லை. அதிகாரி அந்த ரிட்டர்னை எடுத்துச் சரிபார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வருடம் தாக்கலுக்கான கடைசித் தேதியை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்திருந்தார்கள். அதற்குள் 2018-19 படிவத்தில் மூன்று தவணையும் வந்துவிட்டன. ஒரு ரூபாய்கூட மறுபடி கட்டாமல் ரிட்டர்ன் போட்டோம்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். கடைகள் இப்போது அவர் பெயரில். கையில் சலான். அதில் பெயர், பான் எண், தொகை எல்லாம் எழுதியிருந்தார். மதிப்பீட்டு ஆண்டுக் கட்டம் மட்டும் காலி.

“அதை நீங்க சொல்லுங்க சார், நான் எழுதிக்கிறேன்.”

“2019-20, அம்மா” என்றேன்.