அச்சுக்கோடு திரும்பி வரும்

பாடி அச்சிலிருந்து வழுவழுப்பாக வந்துவிட்டது, இனி பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி என்று, பாகங்களாக வாங்கிப் பூட்டும் கிட் காரை வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஏசி கோப்ராவின் நகல்களைச் சீர்செய்யும் பட்டறை வேலையைக் கவனித்தபோது அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று புரிந்தது. 1962இல் வந்த அசல் கோப்ராவுக்கு அலுமினியத் தகட்டு உடல். நகல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபைபர். தட்டி முடித்த தகடு அப்படியே நிற்கும். ஃபைபரோ அச்சைவிட்டு வந்த பிறகும் மாறிக்கொண்டிருக்கும். அதனால், தாமதம் என்று வாடிக்கையாளர் குறைபட்டுக்கொள்ளும் வாரங்களும் வேலையில் சேர்த்திதான் என்பேன்.

ஃபைபரில் கண்ணாடியிழையைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசின் சில மணி நேரத்தில் கெட்டிப்பட்டாலும் முழுதாக இறுக வாரக்கணக்காகும். இறுகும்போது ரெசின் சுருங்கும், கண்ணாடியிழை சுருங்காது. அவசரப்பட்டு அடித்த பெயிண்டின் மேல் பின்னலின் தடம் தெரிவது இதனால்தான். கோப்ராவின் வளைவுகள் உள்பக்கம் மடிவதால் அச்சைப் பல துண்டுகளாகத்தான் செய்ய முடியும். துண்டுகள் சேரும் இடமெல்லாம், ஜெல்கோட் என்னும் வெளி ரெசின் படலத்தில் மேடான கோடு. முதலில் அச்சு மெழுகைத் துடைத்தெடுக்கிறார்கள்; இல்லாவிட்டால் உப்புத்தாளே அதைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். பிறகு கோட்டைத் தேய்த்தால் கீழிருந்த காற்றுக்குமிழிகள் வாய் திறக்கும். அனுபவசாலிகள் அவற்றை உடனே அடைப்பதில்லை, இன்னும் குடைந்து பெரிதாக்குகிறார்கள். வாயை மட்டும் பட்டியால் மூடினால் உள்ளே சிக்கிய காற்று, பெயிண்ட் அறையின் 60 டிகிரி வெப்பத்தில் விரிந்து கொப்புளமாகும்.

மெஷினால் சீக்கிரம் தேய்த்துவிடலாமே என்று கேட்கலாம். ஜெல்கோட் கடினம், பட்டி மென்மை. மெஷினின் மெத்தென்ற தட்டு பட்டியை அதிகம் தின்று பள்ளம் விடும். ஆகவே நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கையால் இழுக்கிறார்கள்: பட்டிக்கு 80 எண் தாள், பிரைமருக்கு 400 எண் வரை. இடையிடையே கருப்புத் தூளோ மெல்லிய கருப்பு ஸ்ப்ரேயோ பூசித் தேய்த்தால், பள்ளத்தில் மட்டும் கருப்பு தங்கி நிற்கும். பட்டி நீரை உறிஞ்சுவதால் பட்டி வேலை முடியும் வரை உலர் தேய்ப்புதான். முகமூடி இல்லாமல் செய்யக்கூடாத வேலை, ஏனென்றால் தூசியில் கண்ணாடித் துகளும் கலந்திருக்கிறது.

பிரைமரைக் கனமாக அடித்துக் கோட்டை மறைக்கலாம் என்பாரும் உண்டு. ஆனால் கரைப்பான் வெளியேற வெளியேற அதுவும் சுருங்கி, சில மாதங்களில் கோடு திரும்பி வரும். நிறம் கலந்த ஜெல்கோட் போதாதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேட்டர்ஹாம் போன்ற கார்களின் சிறிய மட்கார்டுகளுக்கு அது போதும். அகன்ற கோப்ரா உடலில் கோட்டைத் தேய்த்த இடம் தனியாகத் தெரியும். சூடான அறையில் வைத்து இறுக்கத்தை விரைவுபடுத்தலாம் என்பதும் சரிதான், ஆனால் உடலைச் சேஸியில் ஏற்றி, கதவும் பானெட்டும் பொருத்திய பிறகு. தாங்கல் இல்லாமல் சூடேற்றினால் அது தொய்ந்து, கதவின் இடைவெளி கோணலாகிவிடும்.

இப்படிக் கட்டிய கார்களைச் சாலைக்கு அனுமதிக்கும் பிரிட்டனின் ஐவிஏ சோதனை, வெளியில் படும் விளிம்புகளுக்குக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரம் கேட்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு விளிம்பை மழுக்குவது இரட்டைச் செலவு. சிலர் அதனால் வெறும் ஜெல்கோட்டிலேயே சோதனையை முடித்து, ஒரு கோடை முழுதும் வெயிலில் ஓட்டிவிட்டுத்தான் காரைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள்.