ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு குதிரை!

"குதிரையைப் படம் எடுக்கப் போறேன்" என்றதும், "அதுக்கு எதுக்கு வாணியம்பாடி? மெரினாவிலேயே நிக்குதே!" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால், என் குதிரை நிற்பது 1,300 ஒளியாண்டுகளுக்கும் அப்பால்!

ஓரியன் கூட்டத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்குமே... அதில் கிழக்குக் கடைசியில் இருப்பதற்குப் பக்கத்தில், சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜன் வாயு. அதன் முன்னால் குதிரைத் தலை வடிவில் கறுப்புத் தூசி மேகம். வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 1888-ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் எடுத்த போட்டோ தகட்டில்தான் வில்லியமினா ஃப்ளெமிங் என்ற பெண்மணி இதைக் கண்டுபிடித்தார்.

ஜனவரி அமாவாசை. நானும் பாங்க் கேஷியர் நண்பனும் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் காவலூர் இந்தப் பக்கம்தான். விஞ்ஞானிகள் 1968-லேயே இருட்டைத் தேடி வந்த மலை!

எங்களிடம் இருந்தது ஒரு கேமரா, பூமி சுற்றுவதற்கு ஈடாக அதைத் திருப்பும் ஒரு மோட்டார். சாதாரண கேமராவில் உள்ள ஃபில்டர் இந்தச் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நண்பன் அதைக் கழற்றி எறிந்திருந்தான். கூடவே வாரன்ட்டியும் போச்சு.

மோட்டாரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நம்மூரில் அது அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எங்கே நின்றாலும் மரம் மறைத்தது. கடைசியில் வடக்கே திறந்த இடம் கிடைத்தது, ஒரு பாட்டி வீட்டு வாசலில். அங்கே பளீரென்று ஒரு டியூப்லைட்!

"பாட்டி, லைட்டை அணைக்க முடியுமா?"

"பையன் ஆம்பூர்ல ஷூ கம்பெனி தம்பி. ஷிஃப்ட் முடிஞ்சு வண்டியில வருவான். அவன் வர்ற வரைக்கும் எரியணும்."

மேலே வாதாட முடியுமா? குளிரில் குந்திக்கொண்டோம். மணி பத்து, பதினொன்று... குதிரை உச்சியைத் தாண்டி மேற்கே சாய ஆரம்பித்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினொன்றரைக்கு பைக் சத்தம். பாட்டி சுவிட்சை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"இப்ப எவ்ளோ இருட்டு வேணுமோ எடுத்துக்கோங்க!"

இரண்டிரண்டு நிமிடமாகப் படம். ஒரே படத்தில் பார்த்தால் கரித்துணி துடைத்த மாதிரி ஏதோ அழுக்கு. "ஒண்ணுமே இல்லையேடா?" என்றேன். "ஆர்.டி. மாதிரி மாப்ளே, சேர்த்தாத்தான் தெரியும்" என்றான்.

இரண்டரை மணிக்கு லென்ஸ் முழுக்கப் பனி. எடுத்ததில் 64 படங்கள்தான் தேறின. அவற்றைச் சேர்த்தால் வெளிச்சம் 64 மடங்கு ஆகும். பொரிப்பொரியாகத் தெரியும் 'நாய்ஸ்' 8 மடங்குதான் கூடும். என் பி.காம். மூளைக்கு லாபக் கணக்கு உடனே புரிந்தது.

விடிகாலை லேப்டாப்பில் சிவப்புத் திரைக்கு முன்னால் மெல்லத் தலை தூக்கியது குதிரை! பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"குதிரைங்கறே... எனக்கு ஆட்டுக்குட்டியாட்டம் இருக்கு. ராத்திரி பூரா இது எங்க வீட்டு மேலயா நின்னுச்சு?"

சென்னையில் வீடு வந்து சேர இரவாகிவிட்டது. வாசலில் எனக்காக லைட் எரிந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். அந்த மூன்று நட்சத்திரங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. மற்ற நாளென்றால் லைட்டைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு மனசு வரவில்லை.

உள்ளே போய், நானே அணைத்தேன்.